தெரியாது என்று சொன்ன தீர்க்கதரிசி

எங்கள் சபை வட்டாரத்துப் பெண் ஊழியர்களின் ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டுமென்று கிருபை என் வீட்டுக்கு வந்து கேட்டாள். நான் விட்டு வந்த வேலையில் இப்போது இருப்பவள் அவள். இந்த வருஷத் தலைப்பு 'ஊழியத்தில் தாழ்மை' என்றாள்.

"நீங்க போதகர் ஐயாகிட்ட அத்தன வருஷம் வேல செஞ்சிருக்கீங்க. அவருகிட்ட கத்துக்கிட்டத எழுதுங்கக்கா. மாத்தலாகிப் போயிட்டாரு, வாசிச்சா சந்தோசப்படுவாரு."

எழுதுகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவள் படியிறங்கிப் போன பிறகுதான், ஏன் ஒப்புக்கொண்டோம் என்று யோசிக்கத் தொடங்கினேன். அது என் வழக்கம். போதகர் ஐயாவிடமிருந்து நான் பலவற்றைக் கற்றேன், தாழ்மையைக் கற்கவில்லை. அதை எலிசா தீர்க்கதரிசியிடமிருந்து கற்றேன். கற்றேன் என்பதுகூடப் பெரிய வார்த்தையாக இருக்கலாம். பார்த்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதைப் போடுவதும் விடுவதும் மலர்க் குழுவின் விருப்பம்.

அட்டனில் விடுதியில் தங்கிப் படித்தேன். படிப்பு முடிந்ததும் ஆசிரியையாகப் போவேன் என்று அப்பா நினைத்திருந்தார். நான் வேதாகமப் பயிற்சிக்குப் போனேன். பயிற்சி தந்த அம்மையார் நோயாளி வீட்டுக்குப் போகும் முறையைத் தனியாக ஒரு வாரம் சொல்லித் தந்தார். முதலில் மருந்து கொடுத்தார்களா என்று கேள். பிறகு ஒரு சிறிய சங்கீதம் வாசி. பிறகு ஜெபம் பண்ணு. ஆனால் வாக்குக் கொடுக்காதே. குணமாகும் என்றோ ஆகாது என்றோ சொல்ல உனக்கு யாரும் அதிகாரம் தரவில்லை. இதை அப்போது மனப்பாடம் செய்தேன், அவ்வளவுதான்.

டிக்கோயாவுக்கும் நோட்டன் பிரிட்ஜுக்கும் இடையில் உள்ள தேயிலைத் தோட்டங்கள் எனக்குத் தரப்பட்டன. காலையில் பெரட்டில் அன்றைய வேலைக்குப் பேர் கொடுத்து எல்லோரும் மலைக்குப் போன பிறகு, தோட்டத்து ஆபீசில் பெரிய கிளாக்கரிடம் அனுமதி கேட்க வேண்டும். அவர் நிமிர்ந்து பார்க்கும்வரை வாசலில் நிற்க வேண்டும். பகலில் லயத்து வரிசை வீடுகளில் இருப்பவர்கள் நோயாளிகள், பிள்ளை பெற்றவர்கள், வேலைக்குப் போக முடியாத கிழவர்கள். அவர்களைப் பார்த்துவிட்டு, சாயங்காலம் கொழுந்தை எடைபோட்டுப் பெண்கள் திரும்பும்வரை, குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் அவர்களுக்குப் பாட்டுச் சொல்லித் தருவேன். பெண்கள் வந்து அடுப்பு மூட்டும் நேரத்தில் அவர்களோடு இஸ்தோப்புத் திண்ணையில் உட்காருவேன். கூப்பிடும் முன் காம்பராவுக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது. கொடுக்கும் தேத்தண்ணியை மறுக்கக் கூடாது. என்னை எல்லோரும் பைபிளம்மா என்றார்கள். எனக்கு அப்போது கல்யாணம்கூட ஆகவில்லை.

போதகர் ஐயாவைப் பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டும். அவர் சோம்பேறி இல்லை. அட்டை கடிக்கும் குறுக்குப் பாதைகளில் மழைக்கோட்டோடு எங்கள் எல்லோருக்கும் முன்னால் நடப்பார். ஒருமுறை மண் சரிந்து ஒரு லயம் மூடியபோது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண் அள்ளினார். குரலை உயர்த்த மாட்டார். உட்காரும் முன் வெள்ளைக் கைக்குட்டையை விரித்து அதன்மேல் உட்காருவார். கங்காணி வீட்டில் தேத்தண்ணி குடிப்பார். கடைசி லயத்துக்கு வந்தால் மட்டும் அவருக்கு வயிறு சரியிருக்காது. யாராவது ஒன்று கேட்டால் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் இருப்பார். பிறகு "கர்த்தர் எனக்குக் காட்டினார்" என்று தொடங்குவார். பெண் கேட்டு வந்தவர்களுக்கும் அப்படித்தான், இந்தியாவுக்குத் திரும்பிப் போகலாமா என்று கேட்டவர்களுக்கும் அப்படித்தான். எங்கள் மாதக் கூட்டத்தில் யாராவது மாற்றுக் கருத்துச் சொன்னால், "மகளே, இன்னும் தாழ்மை வேணும்" என்பார். அந்தச் சொல்லை அவர் தன்னைப் பற்றிச் சொல்லி நான் கேட்டதில்லை.

கடைசி லயத்தில் ராகேல் இருந்தாள். ராக்காயி என்பது பழைய பெயர். அவளும் பிள்ளையும் மட்டும் ஞானஸ்நானம் பெற்றவர்கள். புருஷன் மாடசாமி எங்களைத் தடுக்கவும் இல்லை, வரவும் இல்லை. மாமியார் மட்டும் நான் போகும்போதெல்லாம் உரலைத் திருப்பிப் போட்டு முதுகைக் காட்டி உட்காருவாள். மகள் எஸ்தருக்கு மூன்று வயது. பிள்ளைக்காம்பராவில் பாட்டுப் பாடினால் கைதட்டாமல் காலைத் தட்டுகிற பிள்ளை.

அந்த வருஷம் மழைக்குப் பிறகு தோட்டத்தில் பல பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தது. எஸ்தருக்கும் வந்தது. காய்ச்சல் இறங்கிய அன்று பிள்ளையை இறக்கிவிட்டபோது, வலது கால் துணிபோல மடிந்தது. தோட்டத்து மருந்து ஐயா பார்த்ததும் லொறியில் டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார். நானும் கூடப் போனேன். இளம்பிள்ளை வாதம் என்றார் டாக்டர். கண்டி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், அங்கே காலை நேராக வைத்துக் கட்டுப் போடுவார்கள், பயிற்சி கொடுப்பார்கள். விட்டுவிட்டால் நரம்பு இழுத்து முழங்கால் மடங்கிப்போகும், பிறகு ஒன்றும் செய்வது கஷ்டம். இதை அவர் சிங்களத்தில் சொல்ல, நர்ஸ் மிஸ்ஸி தமிழில் சொல்ல, நான் மறுபடியும் ராகேலிடம் சொன்னேன். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். கண்டிக்குப் போகச் சேலை மடித்து வைத்துவிட்டாள்.

மறுநாள் போதகர் ஐயா வந்தார். கடைசி லயத்துக்கு அவர் வந்ததே பெரிய விஷயம். அக்கம்பக்கத்துக் காம்பராக்களில் இருந்தவர்கள் எல்லாம் வந்து கூடிவிட்டார்கள். கைக்குட்டையை விரித்து உட்கார்ந்து, பிள்ளையின் தலையில் கைவைத்து நீண்ட ஜெபம் செய்தார். அவர் குரல் நடுங்கியது. அது நடிப்பு இல்லை. கண்ணைத் திறந்தபோது, "ராகேல், கர்த்தர் எனக்குக் காட்டினார். இந்தப் பிள்ளை தன் காலால நடந்து கோயிலுக்குள்ள வரும்" என்றார்.

மாமியார் அடுப்படியிலிருந்து கேட்டாள், "எப்பங்க ஐயா?"

"விசுவாசம் இருக்கிற அன்னைக்கு."

மடித்து வைத்த சேலையை ராகேல் மறுபடியும் கொடியில் போட்டாள்.

எனக்கு முதலில் புரியவே இல்லை. அடுத்த முறை போனபோது பிள்ளை சாக்கில் கிடந்தது. கண்டிக்கு எப்போது போகிறாய் என்று கேட்டேன்.

"எதுக்குங்க போறது? ஐயாதான் சொல்லிட்டாரே."

"ஐயா போக வேணாம்னு சொல்லலையே ராகேல்."

"போங்கன்னும் சொல்லலங்களே. நடக்கும்னு சாமி சொல்லியிருக்கு. நான் கண்டிக்குத் தூக்கிட்டு ஓடுனா, அந்தப் பேச்ச நான் நம்பலன்னுதானே அர்த்தம்? அப்புறம் கால் வராமப் போனா யாரு குத்தம்? ஏங் குத்தம்."

"டாக்டர் சொன்னதும் சாமி சொன்னதுதான்னு வச்சுக்கயேன்."

"டாக்டரு சிங்களத்துல சொன்னாரு," என்றாள் அவள். சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன். பிறகு முகம் மாறியது. "பைபிளம்மா, நீங்க நல்லதுக்குத்தான் சொல்றீங்க. ஆனா நீங்க ஐயா இல்ல. ஐயா வாயால வந்தது, ஐயா வாயாலதான் திரும்பணும். தெரியாமச் சொல்லிட்டேன், நீ போடின்னு ஒரு வார்த்த சொல்லட்டும். இந்த நிமிசமே போயிடுறேன்."

மாமியார் திரும்பாமலே சொன்னாள், "எங்க முனி பூசாரிகூட நாள் குறிச்சுத்தான் சொல்லுவான். ஒங்க ஐயா அதுவும் இல்ல."

ஒரே ஒரு வார்த்தை. அதைக் கேட்டு வாங்கிவரலாம் என்று நம்பி, ஐயா குடியிருந்த அட்டனுக்குப் போனேன். பஸ்ஸில் போகும்போதே எலிசாவின் கதை மனதில் வந்தது. சூனேம் ஊர்க்காரி ஒருத்திக்கு அவர் சொன்னபடியே பிறந்த மகன் செத்துப்போகிறான். அவள் மலையேறி வந்து தீர்க்கதரிசியின் காலைப் பிடித்துக்கொள்கிறாள். வேலைக்காரன் கேயாசி அவளைத் தள்ளிவிட வருகிறான். எலிசா தடுக்கிறார். இவள் மனம் துக்கத்தில் இருக்கிறது, ஆனால் என்ன துக்கமென்று ஆண்டவர் எனக்குச் சொல்லாமல் மறைத்துவிட்டார் என்கிறார். அத்தனை அற்புதம் செய்த மனிதர், வேலைக்காரன் முன்னால், காலைப் பிடித்திருக்கும் ஒரு பெண் முன்னால், எனக்குத் தெரியவில்லை என்று சொல்கிறார். பயிற்சியில் இந்தக் கதையைப் பலமுறை வாசித்திருக்கிறேன். பிள்ளை உயிரோடு எழுந்ததைப் பற்றித்தான் பேசுவோம். இந்த வரியில் நாங்கள் நின்றதே இல்லை.

போதகர் ஐயா வீட்டு முன்னறையில் நின்றபடியே விஷயத்தைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். "நான் ஆஸ்பத்திரிக்குப் போக வேணாம்னு எங்கேயாவது சொன்னேனா?" என்றார்.

"இல்லீங்க ஐயா. அதத்தான் ஒரு தடவ அவகிட்ட வந்து சொல்லுங்கன்னு கேக்குறேன். எனக்குத் தெரியாது, நீ கண்டிக்குப் போன்னு சொன்னாப் போதும்."

"தெரியாதுன்னு சொல்லச் சொல்றியா?"

எலிசாவின் கதையைச் சொன்னேன். சொல்லும்போதே என் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. பாடம் ஒப்பிக்கிற பிள்ளைபோல இருந்தது. அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"மகளே, நீ படிச்சவ. லயம் உனக்குப் புரியாது. அவங்க காலங்காலமா பூசாரிகிட்ட குறி கேட்டு வந்தவங்க. பூசாரி ஒரு நாளாவது தெரியாதுன்னு சொல்லியிருக்கானா? நான் இன்னைக்கு ஒரு தடவ சொன்னா, நாளைக்கு அந்த லயத்துல எவன் நம்மகிட்ட வருவான்? அந்தக் கிழவியே சங்கு ஊதிருவா."

அன்றுதான் எனக்கு விளங்கியது. அவர் போட்டி போட்டுக்கொண்டிருந்தது பூசாரியோடு. பூசாரியின் வேலையைப் பூசாரியைவிட நன்றாகச் செய்ய வேண்டுமென்று அவர் நினைத்திருந்தார். அந்த ஆசைக்கு ஊழியம் என்று பெயர் வைத்திருந்தார்.

உள்ளே போய் ஒரு சிறிய எண்ணெய்ப் போத்தலைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். "நான் ஜெபிச்சுக் குடுக்கிறேன். நீ போய் அந்தக் கால்ல பூசு. அவ விசுவாசத்தப் பலப்படுத்து. இன்னும் தாழ்மை வேணும் மகளே உனக்கு."

எலிசாவும் முதலில் கேயாசியிடம் தன் தடியைக் கொடுத்துத்தான் அனுப்பினார். அதைப் பிள்ளையின் முகத்தில் வைத்தும் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு தீர்க்கதரிசி தானே எழுந்து நடந்து அந்த வீட்டுக்குப் போக வேண்டியதாயிற்று. என் போதகர் நடக்கவில்லை. நான் போத்தலோடு போனேன். எண்ணெய் பூசினேன். தசையைத் தடவியபோது முழங்கால் ஏற்கெனவே முழுதாக நீளவில்லை. பிள்ளை வலியில் கத்தியது. ஐயா என்ன சொன்னார் என்று ராகேல் கேட்டாள். எண்ணெய் கொடுத்தனுப்பினார் என்றேன். அவள் முகம் மலர்ந்ததை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

அடுத்து வந்தது அறுப்பின் பண்டிகை. அந்தத் தோட்டத்தில் கோயில் என்பது கொழுந்து நிறுக்கும் பழைய மடுவம்; தகரக்கூரை, சிமெந்துத் தரை. வாழைக்குலை, பூசணி, தேயிலைக் கிளை எல்லாம் கட்டியிருந்தார்கள். போதகர் ஐயா வெள்ளை அங்கியோடு முன்னால் நின்றார். பழைய ஏற்பாட்டுப் பாடம் வாசிப்பது என் முறை. முதல் பாட்டு முடிகிற நேரத்தில் ராகேல் வந்தாள். இடுப்பில் எஸ்தர், புதுச் சட்டை, தலையில் ரோஜா. வாசலில் நின்றாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் பிள்ளையை இறக்கித் தரையில் நிற்கவைத்தாள்.

"நடம்மா. ஐயாகிட்ட போ."

பிள்ளை ஒரு கணம் வாசல் நிலையைப் பிடித்து நின்றது. கையை விட்டதும் விழுந்தது. அழவில்லை. வழக்கமாகச் செய்வதைச் செய்தது: கைகளை ஊன்றி, நல்ல காலை மடித்து, மற்றக் காலை இழுத்துக்கொண்டு சிமெந்துத் தரையில் தவழ்ந்து வரத் தொடங்கியது. நடுவழியில் ரோஜா விழுந்தது. அதை எடுக்க நின்றது. எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு தவழ முடியாமல் வாயில் கவ்வியது. கோயில் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. ராகேல் பிள்ளையைப் பார்க்கவில்லை. ஐயாவின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது அந்த ஒரு வார்த்தையைச் சொல்வார் என்று நினைத்தேன். இதைவிட எளிதான நேரம் ஒரு மனிதனுக்குக் கிடைக்காது. அவர் முகம் வெளுத்துவிட்டது. உதடு அசைந்தது. பிறகு சொன்னார், "அடுத்த பாட்டப் பாடுவோம்."

பாடினார்கள். நான் போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டேன். பாட்டு முடிந்தது. என் முறை வந்தது. குறித்துத் தந்த பாடத்தை நான் திறக்கவில்லை. பிள்ளையை இடுப்பில் வைத்தபடியே சூனேம் ஊர்க்காரியின் கதையை வாசித்தேன். தீர்க்கதரிசி தனக்குத் தெரியவில்லை என்று சொல்லும் இடத்தை வாசித்து, நிறுத்தி, அதையே மறுபடியும் வாசித்தேன். பிறகு போய் உட்கார்ந்தேன்.

ராகேலுக்காக வாசித்தேனா, அவரை எல்லோர் முன்னாலும் தலைகுனிய வைக்க வாசித்தேனா? இரண்டுமாகத்தான் இருக்கும். எத்தனை சதவீதம் எது என்று என்னால் இன்றுவரை பிரிக்க முடியவில்லை. அன்று உள்ளே எங்கோ ஒரு திருப்தியும் இருந்தது, அது நல்ல திருப்தி இல்லை.

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் ராகேல் என் கையிலிருந்து பிள்ளையை வாங்கினாள்.

"பைபிளம்மா, அந்தத் தீர்க்கதரிசிக்கே தெரியலயா?"

"தெரியல."

"அத அவரு அந்தப் பொம்பளகிட்டயே சொன்னாரா?"

"அவ காலப் பிடிச்சிருக்கும்போதே சொன்னாரு."

பிள்ளையை இடுப்பில் ஏற்றிச் சரியாக வைத்துக்கொண்டாள். "அப்ப அவரு நம்பலாம்போல இருக்கிற மனுசன்," என்றாள். திங்கட்கிழமை காலை பெரட்டுக்குப் போகவில்லை. அன்றைய பேரும் கூலியும் போனால் போகட்டும் என்று மாடசாமியும் கூடப் போனான். அட்டனிலிருந்து கண்டி பஸ் ஏறினார்கள்.

கண்டியில் நல்லபடியாகப் பார்த்தார்கள். ஆனால் முழங்கால் இழுத்துப்போயிருந்தது. மாதக்கணக்கில் கட்டுப் போட்டும் முழுதாக நிமிரவில்லை. கடைசியில் காலுக்கு இரும்பும் தோல்பட்டியும் வைத்து அனுப்பினார்கள். முன்பே வந்திருந்தால் எப்படி என்று, பிள்ளையைப் பார்க்கப் போன அன்று நான் டாக்டரிடம் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். அவர் அதைச் சாதாரணமாகச் சொன்னார். எனக்கு அது எவ்வளவு பெரிய வார்த்தையாகப் பட்டது என்று அவருக்குத் தெரிந்திருக்காது.

என்மேல் விசாரணை ஒன்றும் நடக்கவில்லை. அந்தத் தோட்டம் என்னிடமிருந்து எடுக்கப்பட்டது. மாதக் கூட்டத்தில் என் பெயர் கடைசியில் கூப்பிடப்பட்டது. பிறகு எனக்குக் கல்யாணம் ஆனது. பிள்ளை உண்டானதும், தாயாகப் போகிறவளுக்கு லயங்களில் அலைவது சரியாகாது என்று அன்பாகச் சொல்லி வேலையிலிருந்து விடுவித்தார்கள். இப்போது மகனுக்கு எட்டு மாதம். குளிப்பாட்டும்போதெல்லாம் இரண்டு காலையும் நீட்டி நீட்டிப் பார்க்கிறேன். மெல்லிய காய்ச்சலுக்கும் டிக்கோயாவுக்கு ஓடுகிறேன். "ஒரே மாசத்துல மூணாவது தடவ. டாக்டரே நம்மள வெரட்டப் போறாரு" என்கிறார் என் கணவர். சேலையை மறுபடியும் மடித்து வை என்று ராகேலை வற்புறுத்தியிருக்க வேண்டுமோ, பிள்ளையை நானே தூக்கிக்கொண்டு போயிருக்க வேண்டுமோ என்று நினைத்தால் பால் கொடுக்கும்போது மகனைத் தட்டும் கை நின்றுவிடுகிறது.

போதகர் ஐயாவின் பிரியாவிடை ஆராதனைக்குப் போக வேண்டாம் என்றுதான் இருந்தேன். போகாவிட்டால் பேசுவார்கள் என்று மகனைத் தூக்கிக்கொண்டு போனேன். அட்டன் கோயில் நிறைந்திருந்தது. ராகேல் எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எஸ்தர் நன்றாக வளர்ந்திருந்தாள். இரும்புக் காலைப் பக்கவாட்டில் வீசி வீசித் தானே நடந்து வந்து பெஞ்சில் ஏறினாள்.

பிரசங்கத்தின் நடுவில் அவர் கண் அவள்மேல் நின்றது. முகம் மலர்ந்தது. "எஸ்தர், எழுந்திரும்மா" என்றார். பிள்ளை எழுந்தது. "இந்தப் பிள்ளைக்காக லயத்துல உக்காந்து ஜெபிச்சேன். தன் காலால நடந்து கோயிலுக்குள்ள வரும்னு கர்த்தர் எனக்குக் காட்டினார். இதோ, உங்க கண் முன்னாடி நடந்து வந்திருக்கு."

ஆமென் என்றார்கள். சிலர் கண்ணைத் துடைத்தார்கள்.

ராகேல் எழுந்தாள். கோபமில்லை, ஒரு தகவலைத் திருத்துகிற குரல்தான். "ஐயா, அது கண்டி இரும்புங்க."

அவர் கண்ணை மூடினார். திறந்தார்.

"ஆமா மகளே. அந்த இரும்பையும் கர்த்தர்தான் குடுத்தார்."

இன்னும் பலமாக ஆமென் என்றார்கள். ராகேல் உட்கார்ந்தாள். என் பக்கம் சாய்ந்து கேட்டாள், "இந்த ஐயாவுக்குத் தெரியாததுன்னு ஒண்ணுமே இல்லீங்களா?"

கூப்பிட்டு நிற்கவைத்த பிள்ளையை உட்காரச் சொல்ல யாருக்கும் நினைவு வரவில்லை. அவள் இன்னும் நின்றுகொண்டிருந்தாள். கையைப் பிடித்து உட்காரவைத்தேன். கால் வலிக்குது என்றாள். மகனை ராகேலிடம் கொடுத்துவிட்டுக் குனிந்து தோல்பட்டியை அவிழ்த்தேன். முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்து சிவந்திருந்தது. ராகேல் குனிந்து அதன்மேல் வாயால் ஊதினாள்.

பாட்டுத் தொடங்கியது. கோயில் முழுவதும் எழுந்து நின்றது. நாங்கள் எழவில்லை.